எக்ஸ் என்பது எத்தனை?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவரின் வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். பேச்சு வழக்கம்போல நாவல்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்போது ஆறாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் கணக்கு நோட்டுடன் வந்து நின்றாள்.

"அப்பா, எக்ஸ்னா எத்தனை?"

"அது எத்தனையா வேணும்னாலும் இருக்கலாம்மா" என்றார் நண்பர்.

"அப்ப எதுக்கு அதைக் கண்டுபிடிக்கச் சொல்றாங்க?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு கவிதைச் சொல்லுக்கு ஏழு பொருள் சொல்லக்கூடியவர்கள் அந்த அறையில் இருந்தோம். இந்த ஓர் எழுத்துக்குப் பொருள் சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. அவளுடைய நோட்டில் சிவப்பு மையில் வரிசையாகத் தவறுக் குறிகள். நாங்கள் தயங்கி நின்ற அந்தச் சில நொடிகளில் அவள் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பதினோரு வயதில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் அந்தத் தீர்ப்பு எளிதில் அழிவதில்லை. நம்மில் பலர் அதே வயதில், அதே எழுத்தின் முன் நின்று, அதே தீர்ப்பை எழுதிக்கொண்டு இலக்கியத்தின் பக்கம் வந்தவர்கள்தாம். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருநாள் திடீரென எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அடுத்த சில வாரங்கள் இயற்கணிதத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஒன்று தெளிந்தது. ஒரு பள்ளிக்கூட மணி நேரத்தில் நாம் குழந்தையிடம் ஒப்படைக்கும் அந்த எழுத்தை வந்தடைய மனித குலத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. வழியில் இடறி விழுந்தவர்களுள் மேதைகளும் உண்டு.

ஒரு குவியல்

1858ஆம் ஆண்டு எகிப்தின் லக்சார் நகரில் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். இன்று அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 1550ஐ ஒட்டி அஹ்மோஸ் என்ற எழுத்தர், தமக்கும் சில நூற்றாண்டுகள் முந்திய ஒரு மூலத்திலிருந்து அதைப் படியெடுத்தார். மாணவர்களுக்கான கணக்குகள் நிறைந்த சுருள் அது.

அதில் 24ஆம் கணக்கு இப்படிப் போகிறது: ஒரு குவியல், அதனோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19, குவியல் எவ்வளவு? 'அஹா' என்ற எகிப்தியச் சொல்லைத்தான் நாம் குவியல் என்கிறோம். தெரியாத அளவுக்கு மனிதர் இட்ட மிகப் பழைய பெயர்களுள் இதுவும் ஒன்று.

அஹ்மோஸ் இதைத் தீர்க்கும் விதம் அழகானது. முதலில் ஒரு பொய்யைச் சொல்கிறார்: குவியல் 7 என்று வைத்துக்கொள். 7உடன் அதன் ஏழில் ஒரு பங்கான 1ஐக் கூட்டினால் 8. நமக்கு வேண்டியதோ 19. ஆகவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, அத்தனை மடங்காக 7ஐயும் பெருக்கு. விடை பதினாறும் அரையும் அரைக்காலும். பொய்யான ஊகத்திலிருந்து கிளம்பி, அந்தப் பொய் எவ்வளவு தூரம் தவறுகிறது என்று அளந்து, மெய்யைப் பிடித்துவிடுகிறார்.

எழுத்து தெரியாத குழந்தையும் இதைச் செய்யும். ஒரு எண்ணை வைத்துப் பார்க்கும், பிழைத்தால் மாற்றிப் பார்க்கும். நம் வகுப்பறைகளிலோ, "வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைப்பதில்லை. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை உடைய ஒரு முறையைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிடுகிறோம்.

வண்ணங்களும் கடன்களும்

தெரியாததற்கு இந்தியாவில் இட்ட பெயர் 'அவ்யக்தம்', வெளிப்படாதது. கி.பி. 628இல் பில்லமாலத்தில், அதாவது இன்றைய ராஜஸ்தானின் பீன்மாலில், பிரம்மகுப்தர் தம் 'பிராம்மஸ்புட சித்தாந்த'த்தை எழுதினார். ஒரு கணக்கில் தெரியாத அளவுகள் பல இருந்தால் அவற்றை வண்ணங்களின் பெயரால் அழைக்கும் வழக்கம் அம்மரபில் இருந்தது: கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது அச்சொற்களின் முதலசை மட்டும் நிற்கும்: கா, நீ, பீ, லோ. ஒன்று மட்டும் தெரியாதது என்றால் 'யாவத் தாவத்', அதாவது எவ்வளவோ அவ்வளவு, சுருக்கமாக 'யா'. 'எக்ஸ்' என்பதைக் காட்டிலும் இதில் எவ்வளவு பரிவு இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. 'அது எவ்வளவோ, அவ்வளவு' என்று பெயரிலேயே பொருள் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பிரம்மகுப்தர் செய்தார். கூட்டல் எண்ணைத் தனம் என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் அழைத்து, இவ்விரண்டோடு பூஜ்யத்தையும் சேர்த்துக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகளை வகுத்தார்.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1150இல், பாஸ்கரர் 'சித்தாந்த சிரோமணி'யை முடித்தார். அதன் ஒரு பகுதி 'லீலாவதி'. இன்னொரு பகுதி 'பீஜகணிதம்'. பீஜம் என்றால் வித்து. வித்துக்குள் மரம் தெரிவதில்லை; ஆனால் இருக்கிறது. பீஜகணிதத்தில் வரும் ஒரு கணக்கை நம் சொற்களில் சொல்வோம்.

ஒருவரிடம் 300 ரூபாயும் ஆறு குதிரைகளும் இருக்கின்றன. இன்னொருவரிடம் பத்துக் குதிரைகள். ஆனால் அவருக்கு 100 ரூபாய் கடன். எல்லாக் குதிரைக்கும் ஒரே விலை. இருவர் சொத்தும் சமம். ஒரு குதிரையின் விலை என்ன?

பாஸ்கரர் மரபில் இதை இரண்டு வரிகளாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள்:

யா 6 ரூ 300
யா 10 ரூ 100

இரண்டாம் வரியின் 100க்கு மேல் ஒரு புள்ளி இருக்கும். அது கடன் என்பதன் அடையாளம். 'ரூ' என்பது தெரிந்த எண். சமக்குறி இல்லை. ஒரு வரி மற்றொன்றின் கீழ் நிற்பதே சமம் என்பதன் பொருள். தராசின் இரண்டு தட்டுகளை மேலும் கீழுமாக வைத்ததுபோல.

இக்கணக்கை முடிக்க எழுத்தே தேவையில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். இருவரிடமிருந்தும் ஆறு ஆறு குதிரைகளை ஓட்டிச் சென்றுவிடுவோம். முதலாமவரிடம் 300 ரூபாய் மிஞ்சும். மற்றவரிடம் நான்கு குதிரைகளும் 100 ரூபாய் கடனும். இவையும் சமம்தான். ஆகவே நான்கு குதிரைகளை விற்றுக் கடனை அடைத்தால் 300 மிஞ்ச வேண்டும். நான்கு குதிரைகள் 400. ஒரு குதிரை 100.

குறிகள் கணிதமல்ல, கூர்ந்த புத்தியே கணிதத்தின் வித்து என்ற கருத்தைப் பாஸ்கரரே சொல்லியிருக்கிறார். எண்ணூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன அச்சொல்லை நம் பாடநூல்களின் முதல் பக்கத்தில் பொறிக்கலாம்.

எலும்பு கட்டுபவர்

இயற்கணிதத்துக்கு மேலை மொழிகளில் வழங்கும் 'அல்ஜீப்ரா' என்ற பெயர் பாக்தாத்திலிருந்து வந்தது. கலீஃபா அல்மாமூன் 813 முதல் 833 வரை ஆண்டார். அவர் காலத்தில் அங்கே வாழ்ந்த முகம்மது இப்னு மூசா அல்குவாரிஸ்மி எழுதிய சுருக்க நூலின் தலைப்பில் 'அல்ஜப்ர்', 'அல்முகாபலா' என்ற இரண்டு சொற்கள் வருகின்றன. ஜப்ர் என்றால் குறைபட்டதைச் சீர்செய்வது. கழிந்து நிற்பதை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் நிறைவாக்குவது. முகாபலா என்றால் எதிரெதிர் நிறுத்துவது. இரு பக்கமும் ஒரே இனத்தில் உள்ளவற்றைத் தட்டிக் கழிப்பது. மேலே குதிரைகளை ஓட்டிச் சென்றது முகாபலா. கடனை அடைத்தது ஜப்ர்.

ஜப்ர் என்ற சொல் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதையும் குறிக்கும். அரபியிலிருந்து ஸ்பானிய மொழிக்குச் சென்ற 'அல்கெப்ரிஸ்தா' என்ற சொல்லுக்கு நெடுங்காலம் எலும்பு கட்டும் வைத்தியர் என்றே பொருள். செர்வாண்டிசின் 'டான் குவிக்சாட்' இரண்டாம் பாகத்தில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்ட சான்சன் கராஸ்கோ தேடிப் போவது ஓர் அல்கெப்ரிஸ்தாவைத்தான். நாவல் வாசகர்களான நமக்கு இந்தத் தகவல் ஒரு தனி மகிழ்ச்சியைத் தந்தது.

அல்குவாரிஸ்மியின் நூல் அறிஞர்களுக்காக எழுதப்பட்டதன்று. வாரிசுப் பங்கீடு, உயில், வழக்கு, வணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படுவதற்காக எழுதுவதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். நூலில் குறிகளே கிடையாது. எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதினார். தெரியாததன் பெயர் 'ஷய்', அதாவது பொருள், அல்லது வேர்.

ஒரு சதுரமும் அதன் வேரின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39, வேர் எது? இது அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதற்கு அவர் படம் வரைந்து காட்டுகிறார். தெரியாத பக்கமுடைய ஒரு சதுரம் வரைக. அதன் இரண்டு பக்கங்களில் ஐந்து அகலமுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டுக. இதுவரை பரப்பு 39. மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து என்ற ஒரு சிறு சதுரம் குறைகிறது. அதையும் நிரப்பினால் 39உம் 25உம் சேர்ந்து 64. முழுச் சதுரத்தின் பக்கம் 8. ஒட்டிய 5ஐ நீக்கினால் 3. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆசிரியர் மாணவனின் கண்ணை நம்பினார். நம் பள்ளிகளிலோ இதே கணக்கு ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்யப்படுகிறது.

இரண்டு இணைகோடுகள்

1145இல் செஸ்டர் ராபர்ட் என்பவர் ஸ்பெயினின் செகோவியாவில் இந்நூலை லத்தீனாக்கினார். 'பொருள்' என்ற சொல் லத்தீனில் 'ரெஸ்' ஆயிற்று, இத்தாலியனில் 'கோசா', ஜெர்மானியத்தில் 'காஸ்'. இக்கலைக்கே 'காஸ்' என்று பெயர் வந்தது.

ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் மருத்துவர் இங்கிலாந்தில் கணிதத்தை மக்கள் மொழியில் எழுதியவர்களுள் முதன்மையானவர். ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல எழுதினார். அவருடைய மாணவன் சந்தேகம் கேட்பான், தவறு செய்வான், திருத்தப்படுவான். 1557இல் அவர் வெளியிட்ட இயற்கணித நூலின் பெயர் 'அறிவின் சாணைக்கல்'. லத்தீனில் 'காஸ்' என்றால் சாணைக்கல், பெயரிலேயே சிலேடை. 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க அந்நூலில் அவர் இரண்டு இணைகோடுகளை இட்டார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த ஆண்டே அவர் சிறையில் இறந்தார். அவருடைய குறி உடனே ஏற்கப்படவுமில்லை. 1637இல் டேகார்ட்டே வேறொரு குறியைத்தான் பயன்படுத்தினார்.

எழுத்தின் வருகைக்கு வருவோம். 1591இல் பிரான்சின் வியெட், தெரியாதவற்றுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வழங்கினார். இதில் புதுமை தெரியாததற்கு எழுத்து வந்ததன்று; தெரிந்த எண்ணுக்கும் எழுத்து வந்ததுதான். அதுவரை ஒவ்வொரு கணக்கும் தனிக் கணக்கு. 300 ரூபாய், ஆறு குதிரை, 100 கடன் என்று. இப்போது எல்லாக் குதிரைக் கணக்குகளையும் ஒரே வரியில் எழுதலாம் என்றாயிற்று. 1637இல் டேகார்ட்டே தம் 'வடிவியல்' நூலில் அகரவரிசையின் தொடக்க எழுத்துகளைத் தெரிந்தவற்றுக்கும் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கும் ஒதுக்கினார். 'எக்ஸ்' பிறந்து இன்னும் நானூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

நண்பரின் மகளுடைய கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. அவள் சந்தித்தது ஒரு எழுத்தை அன்று. ஒரே உருவத்தில் வந்த இரண்டு எழுத்துகளை. ஒன்று அஹ்மோஸின் குவியல்: ஒரு குறிப்பிட்ட எண், நமக்குத் தெரியவில்லை, கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்று வியெட் திறந்த வாசல்: எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய பொது எண், கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமத்தின் 2006ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பு நூல் தீக்குச்சிகளால் ஆங்கில 'எல்' வடிவங்களைச் செய்யச் சொல்லி, எத்தனை வடிவமோ அதன் இருமடங்கு குச்சி வேண்டும் என்று தொடங்கிற்று. நல்ல தொடக்கம்தான். அங்கே எழுத்து எதுவாகவும் இருக்கலாம். சில பக்கங்கள் கடந்தால் சமன்பாடு வருகிறது. அங்கே எழுத்து ஒன்றே ஒன்றுதான். இடையே நிகழ்ந்த மாற்றத்தை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் குழந்தை குழம்பத்தான் செய்யும். அவளுடைய கேள்வி மந்தமானதன்று, மிகக் கூர்மையானது.

தையல் தொழிலாளிக்கு ஒரு பாடம்

1766இல் லியோனார்டு ஆய்லர் பெர்லினை விட்டு இரண்டாம் முறையாக ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். ஒரு கண் முன்பே பழுதாகியிருந்தது. மறுகண்ணிலும் புரை படர்ந்து பார்வை போய்க்கொண்டிருந்தது. அந்நிலையில் அவர் தொடக்க மாணவர்களுக்காக ஓர் இயற்கணித நூலைச் செய்ய விரும்பினார். எழுத முடியாது, சொல்லத்தான் முடியும். யாரிடம் சொல்வது? அறிவியல் கழகத்தில் கணிதம் கற்ற இளைஞர்கள் இருந்தனர். ஆனால் ஆய்லர் தேர்ந்தது, பெர்லினிலிருந்து தம் பணிக்கு அழைத்து வந்திருந்த ஒரு தையல் தொழிலாளியை. நடுத்தரமான அறிவே உடையவர் என்று நூலின் முன்னுரை அவரைச் சொல்கிறது. ஆய்லர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதி முடித்தபோது, தமக்குத் தரப்பட்ட இயற்கணிதக் கணக்குகளைத் தாமே தீர்க்க வல்லவராக இருந்தார்.

1768-69இல் ரஷ்ய மொழியிலும் 1770இல் ஜெர்மானிய மொழியிலும் அந்நூல் வெளிவந்தது. அளவு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறது. கழித்தல் எண்ணைக் கடன் கொண்டே விளக்குகிறது. சமன்பாடு வெகுதூரம் சென்ற பிறகுதான் வருகிறது. அதற்குள் மாணவருக்குக் குறிகளோடு நன்றாகப் பழக்கம் ஏற்பட்டுவிடும். அப்போதும் வருபவை சந்தைக்கு நூறு முட்டைகள் கொண்டுவந்த இரண்டு குடியானவப் பெண்கள் போன்ற மனிதர்களே. எழுதிக்கொள்பவர் முகத்தைப் பார்க்க முடியாத ஓர் ஆசிரியர், அவர் பேனா எங்கே நிற்கிறது என்று காதால் கேட்டுக்கொண்டே பாடம் நடத்தியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஆயினும் கடன் என்ற உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நமக்குக் காட்டியவர் ஒரு நாவலாசிரியர். 'சிவப்பும் கறுப்பும்' எழுதிய ஸ்டெண்டால், தம் தன்வரலாறான 'ஹென்றி ப்ரூலார்'இல் பள்ளி நாள்களை நினைவுகூர்கிறார். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் எப்படிக் கூட்டல் வரும் என்று அவர் கேட்கிறார். ஆசிரியர்கள் எவரும் தெளிவாக விடை சொல்லவில்லை. ஒருவருடைய கடனை இன்னொரு கடனால் பெருக்கினால் அவர் செல்வர் ஆகிவிடுவாரா என்பது அவர் மனத்தில் எழுந்த ஐயம். விடை கிடைக்காத அச்சிறுவனின் கசப்பு, ஐம்பது வயதைக் கடந்து அதை எழுதும்போதும் ஆறவில்லை.

அச்சிறுவனுக்கு என்ன சொல்லியிருக்கலாம்? கடனைக் கடனால் பெருக்குவதில்லை. கடனை எத்தனை முறை நீக்குகிறோம் என்பதே கேள்வி. ஐந்து ரூபாய்க் கடன்கள் சில உள்ளவரிடம் மூன்று கடன்களைத் தள்ளுபடி செய்தால் அவர் நிலை பதினைந்து ரூபாய் உயர்கிறது. ஒரு குறி கடனைச் சொல்கிறது, மற்றொரு குறி நீக்குதலைச் சொல்கிறது. அவ்வளவுதான். ஆனால் 'விதி அப்படி' என்ற பதிலைவிட இது நேர்மையானது.

மதுரையில் பிறந்த ஒருவர்

கழித்தல் எண்ணை மறுத்தவர்கள் சிறுவர்கள் மட்டுமல்லர். 1796இல் வில்லியம் ஃப்ரெண்டு என்ற ஆங்கிலேயர் அவற்றை அறவே விலக்கி ஓர் இயற்கணித நூலே எழுதினார். அவருடைய மருமகனாக வந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806இல் நம் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். 1828இல் புதிதாகத் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார்.

1831இல் அவர் எழுதிய, கணிதம் கற்பதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றிய நூல், தலைப்பிலேயே இடர்ப்பாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அதில் ஒரு கணக்கு: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29, இன்னும் எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகன் வயதைப்போல் இருமடங்காகும்? கணக்கைச் செய்தால் விடை கழித்தல் 2 என்று வருகிறது. மாணவன் மிரள்கிறான். டி மார்கன் சொல்வது, விடையில் பிழையில்லை, கேள்வியைத்தான் திருத்த வேண்டும் என்பது. 'இன்னும் எத்தனை ஆண்டுகளில்' என்பதை 'எத்தனை ஆண்டுகளுக்கு முன்' என்று மாற்றிக் கேட்டால் சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தந்தைக்கு 54, மகனுக்கு 27. நாம் தவறாகக் கேட்டாலும் திருத்திப் பதில் சொல்லும் கணிதம் இது.

தில்லிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ராமச்சந்திரர் 1850இல் கல்கத்தாவில் வெளியிட்ட ஒரு நூல் டி மார்கனிடம் வந்தது. பெரும, சிறும மதிப்புகளை நுண்கணிதம் இன்றி இயற்கணிதத்தாலேயே காணும் முயற்சி அது. பாஸ்கரரின் மரபில் வந்த இந்திய மாணவனுக்கு இயற்கணிதமே பழகிய வாசல் என்பது ராமச்சந்திரரின் எண்ணம். டி மார்கன் 1859இல் அதை நீண்ட முன்னுரையுடன் லண்டனில் பதிப்பிக்கச் செய்தார்.

டி மார்கன் தம் வயதைப் பற்றி ஒரு புதிர் சொல்வார்: எந்த ஆண்டு என் வயதின் வர்க்கமோ, அந்த ஆண்டில் எனக்கு அந்த வயது. 43இன் வர்க்கம் 1849. 1806இல் பிறந்தவருக்கு 1849இல் வயது 43.

தமிழிலும் இப்புதிர் மனத்துக்குக் குறைவில்லை. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளே இருக்கும் சுளைகளைச் சொல்ல வழி கூறுகிறது: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலா அதற்குக் கட்டுப்படுகிறதா என்பது வேறு செய்தி. வெளியே தெரிவதிலிருந்து உள்ளே மறைந்திருப்பதைச் சொல்லத் துணிந்ததும், எந்தப் பழத்துக்கும் பொருந்தும் ஒரே விதியாக அதைச் சொன்னதும் இயற்கணித மனம்தான்.

அச்சு வந்தபின், 1823இல் தொடங்கிய யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்விக்கூடத்தின் மரபில், 1850களில் கறல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்ற நூலைத் தமிழில் செய்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக சி.வை. தாமோதரம்பிள்ளையும் அவரும் தேறினர். பீஜம் தமிழில் வீசமாயிற்று. பதினாறில் ஒரு பங்கையும் நாம் வீசம் என்போம். இன்று ஈழத்தார் இதை அட்சரகணிதம் என்கின்றனர், எழுத்தால் ஆன கணிதம். தமிழகத்தில் இயற்கணிதம்.

மீண்டும் அந்த நோட்டு

நம் குழந்தைகளுடைய தவறுகளைச் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலர் அக்கறையோடு ஆராய்ந்திருக்கிறார்கள். 1999இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கட்டுரை நினைவில் நிற்கிறது. எட்டும் நான்கும் கூட்டினால் எதுவோ, அது ஒரு வெற்றுக் கட்டத்தோடு ஐந்தைக் கூட்டியதற்குச் சமம். கட்டத்தில் என்ன எண் வரும்? ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரில் ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் 12 என்றனர். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்றனர். ரெக்கார்டின் இணைகோடுகளை அவர்கள் 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளையாகப் படித்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார்கள். தட்டு சமமாக நிற்கிறது என்ற பொருள் தெரியாதவரிடம், ஒரு பக்கத்தில் உள்ளதை மறுபக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று சொன்னால் அது மந்திரமாகத்தான் கேட்கும்.

அடுத்த முறை நண்பர் வீட்டுக்குப் போனபோது நோட்டைத் திறக்கச் சொல்லவில்லை. பாஸ்கரரின் குதிரைகளைப் பற்றிச் சொன்னோம். அவள் முதலில் ஆர்வம் காட்டவில்லை. "ரெண்டு பேர்கிட்டயும் இருந்து ஆறு ஆறு குதிரையை எடுத்துட்டா?" என்றபோது நிமிர்ந்து பார்த்தாள். சற்று யோசித்து, "ஒருத்தர்கிட்ட முந்நூறு ரூபா. இன்னொருத்தர்கிட்ட நாலு குதிரை, நூறு ரூபா கடன்" என்றாள். பிறகு நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நூறு ரூபா!"

"இப்ப இதை எழுதிக்காட்டு" என்றார் நண்பர்.

"அப்ப எக்ஸ்னா குதிரையா?"

இல்லை, குதிரையின் விலை. எழுத்து ஒரு பொருளைக் குறிப்பதில்லை, எண்ணைக் குறிக்கிறது என்று விளக்கினோம். வயது வந்தவர்களும் சறுக்கும் இடம் இது. பேராசிரியர் ஒருவருக்கு ஆறு மாணவர்கள் வீதம் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, பொறியியல் பயிலும் கல்லூரி மாணவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதியதை 1981இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அவளுக்கும் உடனே முழுதும் விளங்கிவிட்டதென்று சொல்ல மாட்டோம். அவளுடைய பழைய கேள்விக்கும் அன்றுதான் விடை சொன்னோம்: சில இடங்களில் அது எத்தனையாகவும் இருக்கலாம், சில இடங்களில் ஒன்றே ஒன்றுதான், எது எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்பது உன் உரிமை என்று.

அவள் பென்சிலை எடுத்தாள். சற்றுத் தயங்கி, "எக்ஸ்தான் போடணுமா? வேற எழுத்து போடக் கூடாதா?" என்றாள். போடலாம் என்றோம்.

குதிரையின் விலைக்கு அவள் 'கு' என்று எழுதினாள். சொல்லின் முதலசை. கருப்புக்குக் 'கா' என்றும் நீலத்துக்கு 'நீ' என்றும் எழுதியவர்களைப் பற்றி நாங்கள் அவளிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.